சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்

காலையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. பெங்களூரிலிருந்து உன் மகள் திவ்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாகக் குடிபோன வீட்டின் கூடத்தில், சட்டம் போட்டு மாட்டிய உன் படம். அவள் கல்யாணத்தன்று எடுத்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவை, நீ எப்போதும் போடும் வெள்ளைக்கல் தோடு, பின்னால் மங்கலாக மண்டபத்து வாழைமரம். அந்தப் படத்தில் நீ சிரிக்கிறாய்.

கீழே எழுதியிருந்தாள். “ஆன்ட்டி, ஆல்பத்துல இருந்த அத்தனை படத்தையும் பெருசு பண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சேன். அம்மா சிரிக்கிறாங்கல்ல? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. என்னைப் பார்த்துத்தானே?”

காபியில் ஆடை கட்டிவிட்டது. நான் இன்னும் பதில் போடவில்லை. படம் எடுத்த அந்தக் கணத்தில் உன் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். அவளுக்கு எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் போய்ச் சேராது என்பது தெரியும். அதனால்தான் உனக்கு உண்மையை எழுத முடிகிறது.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு, நான் அறிவியல். உள்ளே இருக்கும்வரை ‘வாங்க டீச்சர், போங்க டீச்சர்’. கேட்டைத் தாண்டியதும் ‘நீ’. ஆனால் அந்த ‘டீச்சர்’ மட்டும் கடைசிவரை நம்மை விட்டுப் போகவில்லை. “நீ ஒரு லூசு டீச்சர்” என்று ஆசையாகத் திட்டுகிற ஒரே ஆள் எனக்கு நீதான்.

உன் முகம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். பிரம்பு எடுக்காத கணக்கு டீச்சர் நீ. வலது புருவத்தை மட்டும் தூக்குவாய். கடைசி பெஞ்சுவரை அடங்கிவிடும். ஒரு பிள்ளை கரும்பலகையில் தட்டுத்தடுமாறி விடையைக் கண்டுபிடிக்கும்போது, அது முடிப்பதற்கு முன்பே உன் கன்னம் இரண்டும் மேலே ஏறிவிடும். அதைப் பார்த்தே பிள்ளைகள் சரியான வழியில் போகிறோம் என்று தெரிந்துகொள்ளும். தேர்வு நாட்களில் உன்னை மேற்பார்வைக்குப் போடக் கூடாது, முகத்திலேயே விடையைச் சொல்லிவிடுவாய் என்று தலைமையாசிரியர் கிண்டல் செய்வார்.

எதிரே நிற்கிறவர்களின் உடம்பைப் படிப்பதும் உனக்கு ஒரு பாடம் மாதிரி. “புரிஞ்சுது மிஸ்” என்று சொல்லும் பிள்ளையின் காலைப் பார்ப்பாய். “வாய் புரிஞ்சுதுன்னு சொல்லுது, கட்டைவிரல் புரியலைன்னு சொல்லுது. எதை நம்பறது டீச்சர்?” என்பாய். திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பேச்சு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. “பயம் மட்டும் எல்லா ஊருலயும் ஒரே மாதிரிதான் தோளைத் தூக்குது” என்று நீ சொன்னது எனக்குப் பல வருஷம் வகுப்பில் கைகொடுத்தது.

உன் வீடு நடக்கிற தூரம்தான். ஆனாலும் என் பூந்தமல்லி பஸ் வருகிறவரை கூடவே நிற்பாய். அங்கேதான் நம் விளையாட்டு. ஆட்களைப் பார்த்து அவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மழைநாளில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். “சண்டை” என்றேன். “முகத்தைப் பார்க்காத டீச்சர், குடை யார் பக்கம் சாயுது பாரு” என்றாய். குடை அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் தோள் முழுக்க நனைந்திருந்தது. உன் விதி இதுதான். முகம் நடிக்கும், கையையும் காலையும் முதலில் பார்.

இப்படிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறேன். ஒருநாள் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பொறுமை இழந்து, “இன்னா டீச்சர், ஏறுறீங்களா, இல்ல வர்றவன் போறவனையே பாத்துகினு நிக்கப் போறீங்களா?” என்றார். நீ அவர் காலைப் பார்த்துவிட்டு என் காதில், “இவருக்கு அவசரமா ஒதுங்கணும். அதான் கோவம்” என்றாய். பூந்தமல்லி போகிறவரை எனக்கு சிரிப்பு அடங்கவில்லை.

இன்று யோசித்தால் ஒன்று தெரிகிறது. நாம் சொன்ன கதைகளில் எது சரி, எது தப்பு என்று நமக்குத் தெரிந்ததே இல்லை. பஸ் வந்துவிடும், ஆட்கள் ஏறிப் போய்விடுவார்கள். ஊரார் பிள்ளைகளின் விடைத்தாளையெல்லாம் திருத்திய நமக்கு, நம் விடைத்தாளைத் திருத்தித் தர ஆள் இல்லை.

ஆனால் உன் பெயர் பரவியது. பள்ளியில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் உன்னைக் கூப்பிட்டார்கள். குடும்ப சிநேகிதி என்று சொல்லி ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுப் போன பிறகு, நீ என்ன சொல்கிறாய் என்று வீடே உன் முகத்தைப் பார்க்கும். மண்ணூர்பேட்டையில் நம் தையல் டீச்சரின் மகளைப் பார்க்க வந்தார்களே, அன்று நானும் கூட இருந்தேன். பையன் நல்ல மாதிரி. அவனுடைய அம்மா மட்டும் வந்ததிலிருந்து போகிறவரை இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். யார் என்ன சொன்னாலும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அவர்கள் படியிறங்கியதும் நீ சொன்னாய். “வேணாம் டீச்சர். அந்தம்மா முகம் ஒரு தடவைகூட மலரல. பிடிக்காம வந்திருக்காங்க. இந்த வீட்டுக்குப் பொண்ணு போனா காலம்பூரா அந்த முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணும்.” தையல் டீச்சர் அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். பஸ்ஸில் நீ ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும் உன் வீட்டுக்காரர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கினார். சாயங்காலம் இருவரும் நடப்போம். அப்போதுதான் பார்த்தேன், நடக்கும்போது உன் வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சொன்னேன். “இத்தனை வருஷம் ஹேண்ட்பேக் தொங்கின கை. அதுக்கு ரிடையர்மென்ட் ஆர்டர் இன்னும் வரல டீச்சர்” என்றாய். அதை இரண்டு பேரும் நம்பினோம். அது நோயின் தொடக்கம் என்று முன்பே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பிற்பாடு சொல்லிவிட்டார். அந்த வார்த்தை ஆறுதலுக்கு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்து உன் முகம். அதை முதலில் சொன்னது பால் பாக்கெட் போடும் அம்மாதான். “இன்னா டீச்சரம்மா, எம்மேல எதுனா கோவமா? நாலு நாளா மூஞ்சத் தூக்கிகினு கீறீங்க.” நாம் இருவரும் சிரித்தோம். சிரித்தோம் என்று எழுதுகிறேன். உண்மையில் என் காதில் விழுந்தது என் சிரிப்பு மட்டும்தான். அதற்குப் பிறகு எதிர்வீட்டார் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருநாள் திவ்யா ஆபீஸிலிருந்து வந்து, சம்பள உயர்வு வந்ததைச் சொல்லிவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரொம்ப சந்தோஷம்” என்றாய். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல். அவள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள்.

டாக்டரிடம் போனபோது என்னையும் அழைத்துப் போனாய். அவர் உன் கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். எழுத்து போகப்போக எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே போனது. பிறகு, “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார்.

“சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்” என்றாய்.

நான் திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். சுவர் மாதிரி இருந்தது. டாக்டர் குனிந்து எதையோ எழுதினார். இது நடுக்குவாதம், உள்ளே கோபம், சந்தோஷம் எல்லாம் முன்பு போலவே இருக்கும், முகத்துத் தசைகள் அதை வெளியே கொண்டுவராது என்று விளக்கினார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உனக்கு அப்போது உள்ளே என்ன இருந்தது என்று நான் தேடினேன். அத்தனை வருஷம் உன்னோடு நின்று ஆட்களைப் படித்தவள், உன்னிடம் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

பயிற்சி சொல்லித்தர ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடி முன் உட்கார்ந்து ‘ஈ’ என்று வாயை இழுக்க வேண்டும், ‘ஊ’ என்று குவிக்க வேண்டும். ‘ஈ’ சொன்னால் உதடு சிரிப்பு மாதிரி விரியும். “இதான் இனிமே என் சிரிப்பு. ஸ்பெல்லிங் டெஸ்ட் மாதிரி” என்றாய். ஜோக் பழைய ஜோக் மாதிரியே நன்றாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு எப்போதும் என்னைப் பார்ப்பாயே, கண்ணைச் சுருக்கி, அது மட்டும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் திவ்யாவுக்கு அந்த வரன் வந்தது. மேட்ரிமோனி வழியாக வந்து, இரண்டு பேரும் சில வாரம் போனில் பேசி, அவளுக்கு மிகவும் பிடித்துப்போன பையன். அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். “விரலைப் பாரு டீச்சர், முடிவு பண்ணிட்டா” என்று நீதான் எனக்குச் சொன்னாய். பேருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், மற்றபடி எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று இருந்தோம்.

உன் நோயைச் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு அப்போது வந்தது. உன் நாத்தனார் உறுதியாக இருந்தார். “வியாதின்னு வாயைத் திறந்தீங்க, பரம்பரையா வருமான்னுதான் அடுத்த கேள்வி வரும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா தெரிஞ்சுக்கட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கிறதுல யாருக்கு என்ன தெரியப்போகுது?” உன் வீட்டுக்காரர் தலையாட்டினார். நீயும் சரி என்றாய். பெண்ணுக்காக என்றால் நம் வீடுகளில் எதைத்தான் மறைக்க மாட்டோம்?

அவர்கள் வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, ஒரு பெரியம்மா. இடது கை நடுங்குவது தெரியாமலிருக்க முந்தானையை இழுத்து அதற்குள் கையை வைத்துக்கொண்டாய். முதுகை நிமிர்த்திச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாய். திவ்யா வந்து நமஸ்காரம் செய்தாள். பெரியம்மா, “பொண்ணு ரொம்ப அழகா இருக்கா” என்றார். “சந்தோஷம்” என்றாய். பையன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அடக்கிவைத்த கை முந்தானையை விட்டு வெளியே வந்து சோபாவின் மரக்கைப்பிடியில் டக்டக்கென்று தட்டியது. நீ அதை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாய். அந்தப் பெரியம்மாவின் கண் உன் முகத்துக்குப் போனது, கைக்குப் போனது, திரும்ப முகத்துக்கு வந்தது. நீ மூலையில் உட்கார்ந்து பார்ப்பாயே, அதே பார்வை.

மறுநாள் அவர்கள் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் போன் செய்தார். “பொண்ணைப் பத்தி ஒரு குறையும் சொல்லலைங்க. பொண்ணோட அம்மாவுக்குத்தான் இஷ்டம் இல்லாத மாதிரி இருக்குன்னு நினைக்கிறாங்க. கையைக் கட்டி மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களாம், ஒரு சிரிப்பு இல்லையாம். எப்படா கிளம்புவாங்கன்னு விரலால தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். விருப்பமில்லாத இடத்துல போய் ஏன் கட்டாயப்படுத்தணும்னு...”

திவ்யா அன்று அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு இன்ன நோய், முகம் அப்படித்தான் இருக்கும், கோபம் இல்லை. அவன் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். வந்த பதில் ஒரே வரி. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்த குடும்பத்தில் இன்னும் என்ன இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார்கள். சொல்லாததால் ஒரு முறை போனது, சொன்னதால் இன்னொரு முறை போனது.

அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். “எல்லாம் தெரியுது ஆன்ட்டி. டாக்டர் சொன்னது, நெட்ல படிச்சது, எல்லாம் தெரியுது. ஆனா அம்மா முகத்தைப் பார்த்ததும் மறந்துடுது. என்னைப் பிடிக்காத ஒருத்தர் முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு” என்றாள். நான் ஏதேதோ உதாரணம் சொன்னேன். ஸ்பீக்கர் போன டி.வி. மாதிரி, பாட்டு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றேன். அறிவியல் டீச்சருக்கு உதாரணத்துக்கா பஞ்சம்? அவள் தலையாட்டினாள். அவளுடைய கால் கட்டைவிரல் என் வாசல் சிமெண்டை அழுத்திக்கொண்டே இருந்தது.

அது நடந்து பல நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் உன் பால்கனியில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“மண்ணூர்பேட்டையில ஒரு அம்மா வந்தாங்களே” என்றாய்.

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

“அவங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்களோ டீச்சர்?”

“எல்லாருக்கும் இந்த நோயா வரும்? சும்மா இரு” என்றேன்.

“நோய்தான் வரணுமா. பல்லுவலியா இருந்திருக்கலாம். யாரோ செத்து ஒரு மாசம் ஆகியிருக்கலாம். நாம கேக்கவே இல்லையே.”

அதே தட்டையான குரல். அழுதாயா என்று எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் இருந்தது. இமைப்பது குறைந்ததிலிருந்து உன் கண்ணில் எப்போதும் நீர் இருந்தது.

ஒரு வருஷம் போய் அடுத்த வரன் வந்தபோது, உன் நோயை முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர்கள் நல்லவர்கள், அதனால் என்ன என்றார்கள். அப்படியும் நீ கூடத்துக்கு வர மறுத்துவிட்டாய். “அதான் சொல்லியாச்சே, வந்து உட்காரு” என்று இழுத்துப் பார்த்தேன். “தெரிஞ்சாலும் கண்ணு சும்மா இருக்காது டீச்சர். படிக்கத்தான் செய்யும். நமக்குத் தெரியாதா?” என்றாய். நீ உள்ளறையில் கட்டில் ஓரத்தில், நான் பக்கத்தில். கதவுக்கு அந்தப் பக்கம் திவ்யா சிரிக்கும் சத்தம் கேட்டது. “சிரிக்கிறா” என்றேன். உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது நடுங்கியது. சந்தோஷத்தில் எவ்வளவு, நோயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பூந்தமல்லி மண்டபத்தில் கல்யாணம். உன்னை மேடைக்கு எதிரே முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். போட்டோ எடுத்த பையன் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். “அம்மா, லைட்டா ஒரு ஸ்மைல் குடுங்க. இன்னாம்மா, பொண்ணு கல்யாணம், இப்டி உம்முனு கீறீங்க?” நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் நகரவில்லை, நல்ல படம் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கும் ஆசை. தாலி ஏறியது. மேளம் அடங்கியதும் திவ்யா தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் உன்னைத் தேடினாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு, சரியா என்று உன் கன்னத்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையின் பார்வை அது. தோள் கொஞ்சம் தூக்கியிருந்தது.

நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் எதுவும் வரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐயர் ஏதோ சொல்ல, திரும்பிக்கொண்டாள். தோள் இறங்கியது.

அதன் பிறகுதான் உன் வாய் அசைந்தது. பக்கத்து நாற்காலியில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“தண்ணி” என்றாய்.

தொண்டை வறண்டிருந்தது உனக்கு. ‘ணி’ என்னும்போது உதடு விரிந்து நின்றது, கண்ணாடி முன்னால் ‘ஈ’ சொல்லிப் பழகிய உதடு. அந்தப் பையன் காத்துக்கொண்டிருந்தான், எடுத்துவிட்டான். அதுதான் இந்தப் படம். அவ்வளவுதான் டீச்சர். உன் மகள் மேடையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, நீ தண்ணீர் கேட்ட படம்.

நீ போனது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். விழுங்குவது சிரமமாகி, சளி நெஞ்சில் இறங்கி. கடைசி வாரம் திவ்யா வந்து உன் முகத்தருகே முகத்தை வைத்துக்கொண்டே கிடந்தாள். அப்போது பேச்சும் நின்றிருந்தது. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, “அம்மா அமைதியாத்தான் கீறாங்க பாப்பா, மூஞ்சைப் பாரு, ஒரு கஷ்டமும் தெரியல” என்று அவளைத் தேற்றினாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். வலியில் கிடந்தாயா, அமைதியாக இருந்தாயா, மகள் வந்தது தெரிந்ததா? எதற்கும் விடை இல்லாமல் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

இப்போதும் பூந்தமல்லி பஸ் நிற்குமிடத்தில் நிற்கிறேன். கண் பழக்கத்தில் போகிறது. சிடுசிடுவென்று மகனிடம் பேசும் ஒரு பெண், பையை மார்போடு அணைத்திருக்கும் ஒரு பெரியவர். இன்னது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிடும். உடனே உன் பால்கனிக் கேள்வி வரும். கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன். மனிதர்களைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டதில் பக்குவம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பஸ் நிறைய மூடிய வீடுகள் போகிற மாதிரிதான் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, திவ்யா அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. ஆல்பத்தில் இந்தப் படம் இதைவிட அகலம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ கேட்டு வாய் மூடுவதற்குள் நான் பாட்டில் மூடியைத் திருகத் தொடங்கியிருந்தேன். படத்தின் வலது ஓரத்தில் என் கையும் அந்தத் தண்ணீர் பாட்டிலும் விழுந்திருக்கும். சட்டம் போட்ட படத்தில் அது இல்லை. உன் தோளை ஒட்டி, மிகக் கவனமாக வெட்டப்பட்டிருக்கிறது.

அவள் உன் மகள். முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்த்திருப்பாள்.

பாட்டிலைப் பார்த்திருக்கிறாள். நீ தண்ணீர் கேட்ட வேளை அது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வெட்டியிருக்கிறாள். பிறகு அந்தச் சிரிப்பை நான் ஒருத்தி இல்லையென்று சொல்லிவிடாமல் இருக்க, என்னிடம் கேட்டிருக்கிறாள்.

“ஆமாம்மா. உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன்” என்று எழுதி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அங்கே அவள் முகம் எப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

ஒருவேளை நான் எழுதியது உண்மையாகவும் இருக்கலாம், டீச்சர். அவளைப் பார்த்த அத்தனை நேரமும் உள்ளே நீ சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். இருந்தாயா என்று அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். வாய் இருந்தது, குரல் கொஞ்சம் இருந்தது. நீ தண்ணீர் கேட்டாய், நான் தண்ணீர் கொடுத்தேன். படத்தில் இல்லாத அந்தக் கை மட்டும் இங்கே என் மடியில் கிடக்கிறது.